பேயர் லெவர்குசனின் 2023–24 சீசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023–24 சீசனில் ஜெர்மனியின் பேயர் லெவர்குசன் கால்பந்து அணி எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 53 ஆட்டங்கள் ஆடியது. 43 வெற்றி, 9 டிரா, 1 தோல்வி. லீக் பட்டமும் ஜெர்மன் கோப்பையும் வந்தன. ஐரோப்பியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் மட்டும் இறுதியாட்டத்தில் கைநழுவியது. இந்த சீசனைப் பற்றிப் பேச்சு வந்தாலே கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கடைசி நிமிடக் கோல்களை வைத்து இதை அதிர்ஷ்டக்கார அணி என்று சொல்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பேயர் என்றால் அந்த மருந்து கம்பெனியா?

அதேதான். ரைன் நதிக்கரையில், கொலோன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் லெவர்குசன். ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள்தொகை. பேயர் ஆலையின் தொழிலாளர்களுக்காக 1904இல் தொடங்கிய விளையாட்டுக் கழகம்தான் இது. இன்றும் கால்பந்து அணி அந்தக் கம்பெனிக்கே சொந்தம். ஜெர்மனியில் பொதுவாக ஒரு கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் அதன் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும். பல ஆண்டுகளாக அணியை நடத்திவரும் நிறுவனம் என்ற வகையில் பேயருக்கும் வோல்ஃப்ஸ்பர்க் அணியின் ஃபோக்ஸ்வாகனுக்கும் விதிவிலக்கு கொடுத்தார்கள். இதனால் மற்ற அணிகளின் ரசிகர்கள் பலருக்கு லெவர்குசன் மேல் நெடுநாள் மனக்குறை உண்டு. சொந்த மைதானமான பே அரினாவில் 30,210 பேர்தான் உட்கார முடியும். டார்ட்மண்ட் மைதானத்தில் 80,000 பேருக்கு மேல் கூடுகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சிறிய இடம் என்று புரியும்.

அதற்கு முன் இந்த அணியை ஏன் எல்லோரும் கேலி செய்தார்கள்?

எப்போதும் இரண்டாம் இடத்தில் நின்றுவிடும் அணி என்று பெயர் வாங்கியிருந்தது. லீக்கில் 1997, 1999, 2000, 2002, 2011 என ஐந்து முறை இரண்டாம் இடம். ஒருமுறைகூட முதலிடம் இல்லை.

இதில் 2000ஆம் ஆண்டுக் கதை கொடுமையானது. கடைசி நாளில் உன்டர்ஹாக்கிங் என்ற சின்ன அணியோடு டிரா செய்தாலே பட்டம். மைக்கேல் பல்லாக் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட, 2–0 என்று தோற்றார்கள். புள்ளிகள் சமமாகி, கோல் வித்தியாசத்தில் பயர்ன் மியூனிக் பட்டத்தை எடுத்துக்கொண்டது.

2002 இன்னும் மோசம். மூன்று ஆட்டங்கள் மீதமிருக்கும்போது ஐந்து புள்ளி முன்னிலை. பிரேமனிடமும் நியூரம்பர்க்கிடமும் தோற்று ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை டார்ட்மண்டிடம் விட்டார்கள். ஜெர்மன் கோப்பை இறுதியில் ஷால்கேயிடம் 4–2. அப்புறம் கிளாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. அங்கே ஜிடான் காற்றிலேயே இடதுகாலால் அடித்த அந்தப் புகழ்பெற்ற கோலோடு ரியல் மாட்ரிட் 2–1 என வென்றது. ஒரே மாதத்தில் மூன்று கோப்பைகள் போயின. அதுவரை கிளப்பின் அலமாரியில் இருந்த பெரிய கோப்பைகள் 1988இன் யூஈஎஃப்ஏ கோப்பை, 1993இன் ஜெர்மன் கோப்பை, இந்த இரண்டு மட்டும்தான்.

பயிற்சியாளர் சாபி அலோன்சோ வந்தபோது அணி எந்த நிலையில் இருந்தது?

2022 அக்டோபர் தொடக்கத்தில் அவர் பொறுப்பேற்றபோது 18 அணிகளில் 17ஆவது இடம். ஆட்டக்காரராக அவர் சாதிக்காதது குறைவு: ஸ்பெயினுக்காக உலகக் கோப்பை, இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள், லிவர்பூலோடும் ரியல் மாட்ரிட்டோடும் சாம்பியன்ஸ் லீக். ஆனால் பயிற்சியாளராக அவர் கையில் இருந்தது ரியல் சோசியடாட்டின் இரண்டாம் அணியை நடத்திய அனுபவம்தான். ஒரு நாட்டின் முதல்நிலை லீக்கில் அதற்கு முன் எந்த அணிக்கும் அவர் பயிற்சி கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவரிடம் கடைசிக்கு முந்தைய இடத்தில் தவிக்கும் அணியைக் கொடுத்தது துணிச்சலான முடிவு.

முதல் ஆட்டத்திலேயே ஷால்கேயை 4–0 என்று வென்றார்கள். அந்த சீசனை ஆறாம் இடத்தில் முடித்தார்கள். யூரோப்பா லீக் அரையிறுதியில் மொரின்யோ பயிற்சி கொடுத்த இத்தாலியின் ரோமாவிடம் இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 1–0 என்று வெளியேறினார்கள். கடைசி நாளில் போஹும் அணியிடம் 3–0 தோல்வி. தேதி 2023 மே 27. அடுத்த தோல்விக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

2023 கோடையில் யாரையெல்லாம் சேர்த்தார்கள்?

வேகக்காரர் மூசா டியாபியை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றார்கள். வந்த பணத்தை விளையாட்டு இயக்குநர் சைமன் ரோல்ஃபெஸ் செலவழித்த விதம்தான் இந்த சீசனின் பாதிக் கதை. ஆர்சனலிலிருந்து நடுக்கள வீரர் கிரானிட் ஜாக்கா, பெல்ஜியத்தின் யூனியன் செயின்ட் ஜில்வாஸிலிருந்து முன்கள வீரர் விக்டர் போனிஃபேஸ், மன்ஷன்கிளாட்பாக்கிலிருந்து யோனாஸ் ஹாஃப்மன், சவுத்தாம்ப்டனிலிருந்து நேதன் டெல்லா. பென்ஃபிகாவில் ஒப்பந்தம் முடிந்த அலெக்ஸ் கிரிமால்டோவுக்கு மாற்றுக் கட்டணமே கிடையாது. பயர்ன் மியூனிக்கிலிருந்து யோசிப் ஸ்டானிஷிச் ஒரு வருடக் கடனாக வந்தார். போட்டி அணிக்கு இப்படி ஒரு வீரரைக் கொடுத்ததற்கு பயர்ன் பின்னால் எவ்வளவு வருந்தியிருக்கும்!

ஜாக்காவின் வரவை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். அணியில் திறமைக்குப் பஞ்சமில்லை. இளம் நடுக்கள வீரர் ஃப்ளோரியன் விர்ட்ஸ் ஏற்கெனவே இருந்தார். பின்தங்கும்போது பதறாமல் பந்தை வாங்கி ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த ஒருவர் இல்லை. அந்த இடத்தை ஜாக்கா நிரப்பினார்.

எப்படி ஆடினார்கள்? கால்பந்து அதிகம் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

பின்னால் மூன்று பேர்: பெரும்பாலும் ஜோனதன் டா, டாப்சோபா, இவர்களோடு கோசுனு அல்லது ஹின்காபியே. நடுவில் ஜாக்காவும் பலாசியோஸும். சில ஆட்டங்களில் ஆன்ட்ரிக். இரண்டு ஓரங்களிலும் கிரிமால்டோவும் ஜெரமி ஃபிரிம்பாங்கும். முன்னால் விர்ட்ஸும் ஹாஃப்மனும், அவர்களுக்கு மேல் ஒரு முன்கள வீரர்.

வித்தியாசம் அந்த ஓரக்காரர்களிடம்தான். பெயருக்குத் தடுப்பு வேலை. உண்மையில் எதிரணியின் பெனால்ட்டி பெட்டிக்குள் கடைசி ஆளாக வந்து கோல் அடிப்பவர்கள். கிரிமால்டோ லீக்கில் மட்டும் 10 கோல் அடித்து, 13 கோலுக்குப் பந்து கொடுத்தார். இடது ஓரத்தில் ஆடும் ஒருவருக்கு இது நம்பவே முடியாத கணக்கு. 14 கோலோடு போனிஃபேஸ் அணியில் முதலிடம். 11 கோல் அடித்து, இன்னும் 11 கோலுக்கு வழிசெய்த விர்ட்ஸ் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புன்டஸ்லிகாவின் அந்த சீசனின் சிறந்த வீரராகத் தேர்வானார்.

மற்றபடி அணுகுமுறை எளிது. சின்னச் சின்னப் பாஸ்களாகப் பந்தை வைத்துக்கொண்டு எதிரணியை அங்குமிங்கும் ஓடவிட்டு, ஒரு இடைவெளி திறந்தவுடன் விர்ட்ஸிடம் சேர்ப்பது.

லீக்கில் எந்தக் கட்டத்தில் நம்பிக்கை வந்தது?

ஆளுக்கு ஆள் பதில் மாறும். செப்டம்பர் 15ஆம் தேதி மியூனிக்கில் 2–2 என்று டிரா செய்த ஆட்டத்தைப் பலர் சொல்வார்கள். 86ஆவது நிமிடத்தில் கொரெட்ஸ்கா அடித்த கோலில் பின்தங்கி, 90+4இல் (90 நிமிடத்துக்குப் பின் சேர்த்த நேரத்தின் நான்காவது நிமிடத்தில்) பலாசியோஸின் பெனால்ட்டியில் சமன் செய்தார்கள்.

எனக்கு ஜனவரிதான். ஆப்பிரிக்கக் கோப்பைக்காக கோசுனு, டாப்சோபா, அட்லி மூவரும் போய்விட்டார்கள். போனிஃபேஸ் காயமடைந்து ஏப்ரல் வரை இல்லை. வழக்கமான லெவர்குசன் சரிய வேண்டிய நேரம் அது. ஆக்ஸ்பர்க்கில் 0–0 என்று முடியப்போன ஆட்டத்தில் 90+4இல் பலாசியோஸ் கோல். அடுத்த வாரம் லைப்சிக்கில் இரண்டு முறை பின்தங்கி, 90+1இல் ஹின்காபியேயின் கோலில் 3–2. இந்த இரண்டு வெற்றிகளும் இல்லையென்றால் பிப்ரவரியில் பயர்னைச் சந்தித்தபோது முன்னிலையே இருந்திருக்காது.

அந்த பயர்ன் ஆட்டம் பிப்ரவரி 10. முதல் கோலை அடித்தது கடன்வீரர் ஸ்டானிஷிச். இரண்டாவது கிரிமால்டோ. கடைசியில் பயர்ன் கோல்கீப்பர் நோயர் கார்னருக்காக முன்னே ஓடிவந்துவிட, ஃபிரிம்பாங் வெகுதூரத்திலிருந்து காலி வலைக்குள் பந்தை உருட்டினார். 3–0, முன்னிலை ஐந்து புள்ளி. ஐந்து புள்ளி முன்னிலை என்றவுடன் 2002 ஞாபகம் வராத லெவர்குசன் ரசிகர் இருந்திருக்க மாட்டார்.

ஏப்ரல் 14 அன்று என்ன நடந்தது?

29ஆவது சுற்று, சொந்த மைதானம், எதிரணி பிரேமன். 2002இல் இதே மைதானத்தில் லெவர்குசனின் பட்டக் கனவைச் சாய்க்கத் தொடங்கிய அதே பிரேமன். வென்றால் ஐந்து ஆட்டங்கள் மிச்சமிருக்கையிலேயே பட்டம்.

போனிஃபேஸ் பெனால்ட்டியில் தொடங்கினார். ஜாக்கா தூரத்திலிருந்து ஒன்று அடித்தார். அதன்பின் விர்ட்ஸ் மூன்று. நான்காவது கோலுக்கே ரசிகர்கள் எல்லைக்கோடு தாண்டி வந்துவிட்டார்கள். அவர்களைத் திருப்பியனுப்பி ஆட்டத்தைத் தொடர வேண்டியிருந்தது. 90ஆவது நிமிடத்தில் ஐந்தாவது கோல் விழுந்ததும் மைதானம் முழுக்க மக்கள். நடுவர் அதோடு ஆட்டத்தை முடித்தார். பயர்ன் தொடர்ந்து 11 ஆண்டுகள் வைத்திருந்த பட்டம் கைமாறியது. லெவர்குசனுக்கு வரலாற்றிலேயே முதல் லீக் பட்டம்.

மே 18இல் ஆக்ஸ்பர்க்கை 2–1 என வென்று லீக்கை முடித்தபோது கணக்கு இப்படி: 28 வெற்றி, 6 டிரா, தோல்வி இல்லை. 90 புள்ளிகள். 89 கோல் அடித்து 24 மட்டும் வாங்கினார்கள். இரண்டாம் இடம் பிடித்த ஸ்டுட்கார்ட் 17 புள்ளி பின்னால், பயர்ன் மூன்றாவது. ஒரு புன்டஸ்லிகா சீசனை ஓர் அணி தோல்வியே இல்லாமல் முடித்தது அதுவே முதல் முறை.

கடைசி நிமிடக் கோல்கள் அதிர்ஷ்டம்தானே?

சில ஆட்டங்களை வரிசையாகப் பார்ப்போம். ஜெர்மன் கோப்பைக் காலிறுதி: ஸ்டுட்கார்ட்டிடம் இரண்டு முறை பின்தங்கி 90ஆவது நிமிடத்தில் டா தலையால் முட்டி 3–2. ஹாஃபன்ஹைம்: 87 நிமிடம் வரை 0–1, ஆன்ட்ரிக் 88, ஷிக் 90+1, முடிவு 2–1. லண்டனில் வெஸ்ட் ஹாம்: ஃபிரிம்பாங் 89. டார்ட்மண்ட்: ஸ்டானிஷிச் 90+7. ஸ்டுட்கார்ட்டுடன் லீக் ஆட்டம்: 0–2இலிருந்து மீண்டு, ஆன்ட்ரிக் 90+6. ரோமா: மறுபடியும் ஸ்டானிஷிச், மறுபடியும் 90+7.

ஒன்றிரண்டு என்றால் அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்ளலாம். இத்தனை முறை நடந்தால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். எனக்குத் தெரிவது மூன்று.

முதலாவது, பந்து பெரும்பாலும் லெவர்குசன் காலில்தான். 80 நிமிடம் பந்தைத் துரத்திய எதிரணியின் கால்கள் கடைசிப் பத்து நிமிடத்தில் கனக்கும். இரண்டாவது, மாற்று வீரர்கள். ஷிக், அட்லி, டெல்லா போன்றவர்கள் வேறு பல அணிகளில் முதல் பதினொன்றில் இருக்க வேண்டியவர்கள். அலோன்சோ ஐந்து மாற்றங்களையும் பயன்படுத்தத் தயங்கியதில்லை. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: நேரம் குறையக் குறைய அவர்கள் பந்தை நீளமாக முன்னே தூக்கி அடிக்கவில்லை. 95ஆவது நிமிடத்திலும் 20ஆவது நிமிடத்தில் ஆடியதைப் போலவே பாஸ் கொடுத்து, இடைவெளி தேடி ஆடினார்கள். இது பயிற்சி மைதானத்தில் நாள்தோறும் உழைத்து வாங்கிய பொறுமை. அதை அதிர்ஷ்டம் என்று சொல்வது அந்த உழைப்புக்குச் செய்கிற அநியாயம்.

ஆமாம், ஓரிரு பந்துகள் தட்டுப்பட்டு உள்ளே போயிருக்கின்றன. எந்த அணிக்குத்தான் அது நடக்கவில்லை?

யூரோப்பா லீக்கில் இறுதி வரை எப்படி வந்தார்கள்?

குழுச் சுற்றில் சிரமமே இல்லை. ஸ்வீடனின் ஹேக்கன், நார்வேயின் மோல்டே, அஜர்பைஜானின் கராபாக் என மூன்று அணிகளையும் இரண்டு முறையும் வென்றார்கள். ஆறு வெற்றி, 18 புள்ளிகள்.

நாக்அவுட்டில் அதே கராபாக் மறுபடி வந்து பயமுறுத்தியது. பாகூவில் 0–2இலிருந்து 2–2. சொந்த மைதானத்திலும் 67ஆவது நிமிடத்தில் 0–2. கராபாக்கின் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கியிருந்தார் என்பது உதவியது. ஆனாலும் 90 நிமிடம் முடிந்தபோது லெவர்குசன் 1–2 என்று வெளியேறும் நிலை. பட்ரிக் ஷிக் 90+3இல் ஒன்று, 90+7இல் ஒன்று அடித்தார். அந்த சீசனின் மிகப் பெரிய தப்பித்தல் இதுதான்.

காலிறுதியில் வெஸ்ட் ஹாமை 2–0, 1–1 என்று கடந்தார்கள். அரையிறுதியில் முந்தைய ஆண்டு வெளியேற்றிய ரோமா. ரோமில் 2–0 என்று வென்றுவிட்டதால் இரண்டாம் ஆட்டம் சுலபம் என்று நினைத்தார்கள். பரேடெஸ் இரண்டு பெனால்ட்டிகளை அடித்து மொத்தக் கணக்கைச் சமன் செய்தார். பிறகு ரோமாவின் மான்சினி தன் வலையிலேயே பந்தை விட, கடைசி நொடியில் ஸ்டானிஷிச் 2–2 ஆக்கினார். அந்த கோல் இல்லாவிட்டாலும் இறுதிக்குப் போயிருப்பார்கள். ஆனால் தோல்வியில்லா வரிசை அன்றோடு அறுந்திருக்கும்.

டப்ளினில் என்ன தவறிப்போனது?

மே 22, யூரோப்பா லீக் இறுதி, எதிரணி இத்தாலியின் அட்டலான்டா. அதன் பயிற்சியாளர் காஸ்பெரினியின் பாணி முரட்டுத்தனமானது: மைதானம் முழுக்க ஆளுக்கு ஓர் ஆள் என்று ஒட்டிக்கொண்டே ஓடுவார்கள். பின்களத்திலிருந்து நிதானமாகப் பந்தைக் கொண்டுவரும் லெவர்குசனுக்கு இதைவிடக் கடினமான எதிரணி இல்லை. ஜாக்கா திரும்பினால் ஒருவர், விர்ட்ஸ் பந்தைத் தொடும் முன்பே ஒருவர்.

நைஜீரிய வீரர் அடெமோலா லுக்மன் 12, 26, 75 நிமிடங்களில் மூன்று கோல் அடித்தார். முடிவு 3–0. முதல் கோலில் பலாசியோஸ் பின்னாலிருந்து வந்த லுக்மனைக் கவனிக்கவே இல்லை. முழுநேர முன்கள வீரர் யாரும் இல்லாமல் தொடங்கிய அலோன்சோவின் முடிவும் பலிக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு போனிஃபேஸை இறக்கியும் பயனில்லை. அட்டலான்டா முழுத் தகுதியோடு வென்றது. அவர்களுக்கு 1963க்குப் பிறகு கிடைத்த முதல் பெரிய கோப்பை அது. அட்டலான்டாவின் ஊரான பெர்கமோவின் மகிழ்ச்சியைப் பார்த்தபோது லெவர்குசன் பக்கம் நின்ற எனக்கே மனம் ஆறியது.

ஜெர்மன் கோப்பை சுலபமாகக் கிடைத்ததா?

ஓரளவு ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். பயர்னை மூன்றாம் நிலை அணியான சார்ப்ரூக்கன் வெளியேற்றியது. லைப்சிக், டார்ட்மண்ட் இரண்டும் சீக்கிரமே போய்விட்டன. லெவர்குசனின் பாதையில் முதல்நிலை லீக் அணி ஸ்டுட்கார்ட் மட்டும்தான். அரையிறுதியில் டுசல்டார்ஃபை 4–0 என்று தாண்டினார்கள்.

ஆனால் மே 25ஆம் தேதி பெர்லினில் நடந்த இறுதியைச் சுலபம் என்று சொல்லிவிட முடியாது. டப்ளின் தோல்விக்கு மூன்றே நாள் கழித்து, இரண்டாம் நிலை அணியான கைசர்ஸ்லாட்டர்னோடு. 17ஆவது நிமிடத்தில் ஜாக்கா தூரத்திலிருந்து அற்புதமாக ஒன்று அடித்தார். இடைவேளைக்குச் சற்று முன் கோசுனு இரண்டாவது மஞ்சள் அட்டையோடு வெளியேறினார். இரண்டாம் பாதி முழுவதும் பத்துப் பேரோடு அந்த ஒரு கோலைக் காப்பாற்றினார்கள். கிளப்பின் வரலாற்றில் முதல்முறையாக ஒரே சீசனில் லீக்கும் கோப்பையும்.

தோல்வியில்லா வரிசை 49 ஆட்டங்களா, 51 ஆட்டங்களா – எது சரி?

இரண்டும் சரி. ரோமாவுடனான டிரா 49ஆவது தோல்வியில்லா ஆட்டம். 1963–65இல் பென்ஃபிகா வைத்திருந்த 48 என்ற ஐரோப்பியச் சாதனையை அதில் தாண்டினார்கள். அதன்பின் போஹுமை 5–0 என்றும் ஆக்ஸ்பர்க்கை 2–1 என்றும் வென்றதால் 51 ஆனது. டப்ளினில் அது முடிந்தது.

ஆர்சனலின் 2003–04 அணியை விடப் பெரிய சாதனையா?

இங்கிலாந்தின் ஆர்சனலும் அந்த சீசனில் லீக்கில் தோற்கவே இல்லை: 38 ஆட்டங்களில் 26 வெற்றி, 12 டிரா. லெவர்குசன் 34இல் 28 வெற்றி, 6 டிரா. வெற்றி விகிதத்தில் லெவர்குசன் மேலே. அதே சீசனில் ஆர்சனல் மற்றக் கோப்பைகளில் தோற்றிருந்தது. லெவர்குசன் மே 22 வரை எதிலும் தோற்கவில்லை. ஆகவே என் ஓட்டு லெவர்குசனுக்கு. ஆர்சனல் ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது அவர்கள் உரிமை.

அந்த அணி இப்போது எங்கே?

லிவர்பூலும் பயர்னும் விரும்பியபோதும் அலோன்சோ இன்னொரு வருடம் தங்கினார். 2024–25இல் லீக்கில் இரண்டாம் இடம். சாம்பியன்ஸ் லீக்கில் பயர்னிடம் மொத்தம் 5–0 என்று தோல்வி. ஜெர்மன் கோப்பை அரையிறுதியில் மூன்றாம் நிலை அணியான பீலஃபெல்டிடம் அதிர்ச்சித் தோல்வி. 2025 கோடையில் கூடாரம் கலைந்தது. அலோன்சோ ரியல் மாட்ரிட் போனார். விர்ட்ஸும் ஃபிரிம்பாங்கும் லிவர்பூலுக்கு, டா பயர்னுக்கு, ஜாக்கா சண்டர்லாந்துக்கு, கேப்டனாக இருந்த கோல்கீப்பர் ஹ்ராடெட்ஸ்கி மொனாக்கோவுக்கு. புதிதாக வந்த எரிக் டென் ஹாக்கை இரண்டே லீக் ஆட்டங்களில் அனுப்பிவிட்டார்கள்.

முழு சீசனையும் பார்க்க நேரமில்லை. எந்த ஆட்டங்களைப் பார்க்கலாம்?

நான்கு போதும். அணி எப்படி ஆடியது என்று தெரிய பிப்ரவரி பயர்ன் ஆட்டம். மன உறுதிக்கு கராபாக்குடனான இரண்டாம் ஆட்டம். நேரம் குறைவென்றால் 60ஆவது நிமிடத்திலிருந்து பாருங்கள். கொண்டாட்டத்துக்கு பிரேமன். நான்காவதாக டப்ளின் இறுதியையும் கட்டாயம் பாருங்கள், முக்கியமாக முதல் அரை மணி நேரம். இந்த அணியை எப்படித் தடுப்பது என்று ஒரு வருடம் முழுக்க யாருக்கும் கிடைக்காத விடையை அட்டலான்டா அதில் காட்டியிருக்கிறது.